எந்தக் கா?

மெய்ப்பு பார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குப் புத்தகம் இருக்கிறது. சந்தேகம் வந்தால் கேட்டுக்கொள்ளக் கணினியும் இருக்கிறது, அதுவும் தப்பாகச் சொன்னால் அதைத் திட்டிக்கொள்ளலாம். எங்கள் காலத்தில் திட்டுவதற்கு மனிதர்கள்தான் இருந்தார்கள்.

வேலை பார்த்த வருஷங்களில் நான் விட்ட பிழைகள் கொஞ்சமல்ல. ‘அவள் அழகு அவனை வாட்டியது’ என்பது ‘அவள் அழுக்கு அவனை வாட்டியது’ என்று அச்சாகி, எழுதியவர் நேரில் வந்து சண்டை போட்டிருக்கிறார். அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினோம். அதெல்லாம் மறந்துவிட்டது. மறக்காமல் இருப்பது ஒன்றுதான், அதில் ஒரு எழுத்துகூடத் தப்பாக இல்லை.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. அச்சகம் எஸ்டேட் என்று சொல்கிற அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இருந்தது. நான் ஆவடியிலிருந்து ரயிலேறி, பட்டரவாக்கத்தில் இறங்கி நடப்பேன். தமிழில் பட்டம் வாங்கிக்கொண்டு ஆசிரியை வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த வேலை வரவே இல்லை. சிவப்பு மையால் திருத்துகிறேன் என்பதால் அச்சகத்தில் எல்லோரும் என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள், அந்த மட்டுக்கும் டீச்சராகிவிட்டேன்.

எங்கள் முதலாளி மாதம் மூன்று நாவல் போட்டார். ஒன்றாம் தேதி காதல், பத்தாம் தேதி பேய், இருபதாம் தேதி மாயாஜாலம். சட்டைப்பையில் அடங்குகிற அளவு, தொண்ணூற்றாறு பக்கம், ரயிலில் ஏறினால் இறங்குவதற்குள் பாதி முடிந்துவிடும். ஒவ்வொன்றையும் நான் நான்கு தடவை படிக்க வேண்டும். இலக்கணமும் காப்பியமும் படித்த திமிரில், விளக்கெண்ணெய் குடிக்கிற பிள்ளையைப் போல மூக்கைப் பிடித்துக்கொண்டு படித்தேன். எனக்கு அந்தக் கதைகளைப் பற்றி அபிப்பிராயம் என்று ஒன்றும் கிடையாது. எழுத்து சரியாக இருக்கிறதா, அவ்வளவுதான்.

வாசகர் கடிதங்களைப் பிரிப்பதும் என் வேலைதான். வருகிற கடிதங்களெல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். கதை பிரமாதம், அட்டைப்படம் அருமை, எழுத்தாளரின் முகவரி வேண்டும். அந்தக் குவியலில் மாதம் ஒரு போஸ்ட்கார்டு மட்டும் தனியாகத் தெரியும். பொடி எழுத்து, ஓரம்வரை இடம் விடாமல் எழுதியிருக்கும். பெயர் இருக்காது. ‘ஒரு வாசகி, வேப்பம்பட்டு’ என்று மட்டும் இருக்கும். அதற்கு மேலே, கதைக்குத் தீர்ப்பாக ஒரு சொல்: பாஸ், ரீவொர்க், ஸ்கிராப். எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனியில் உருப்படிகளை அளந்து தள்ளுகிற மேசையில் இருப்பவர் என்று அதை வைத்தே ஊகித்துக்கொண்டேன்.

காதல் கதை ஒன்றைப் பற்றி எழுதியிருந்தார்: ‘உனக்காக உயிரைக் கொடுப்பேன் என்று கதாநாயகன் ஏழு இடத்தில் சொல்கிறான். உயிரை யார் கேட்டார்கள்? முப்பத்திரண்டாம் பக்கத்தில் அவள் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறாள், இவன் உட்கார்ந்திருக்கிறான். எழுந்து இடம் கொடுத்தானா? ரீவொர்க்.’ நான் அந்தப் பக்கத்தை நான்கு தடவை படித்தவள். அவன் உட்கார்ந்திருந்தது என் கண்ணில் படவே இல்லை.

மாயாஜாலக் கதைக்கு: ‘மந்திரவாதியால் எல்லாம் முடியும் என்றால் எனக்கு எதற்குப் பயம் வரும்? அவனால் எது முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அவன் என்ன செய்தாலும் நம்புகிறேன்.’

பேய்க்கதைகளைப் பற்றித்தான் அவர் கறாராக இருந்தார். ஒரு முறை இப்படி வந்தது: ‘செத்தவளைக் கொன்றது மாமனார். பேயாக வந்தவள் பிடிப்பது வாட்ச்மேனை. மாமனார் மாடியில் தூங்குகிறார். எங்கள் கம்பெனியிலும் இப்படித்தான், தப்பு ஒருத்தர் செய்வார், மெமோ வேறொருத்தருக்குப் போகும். பேயாவது சரியான ஆளைப் பிடிக்க வேண்டாமா? ஆள் மாற்றிப் பிடிக்கிற பேயைக் கண்டால் எனக்குப் பயமில்லை, எரிச்சல்தான் வருகிறது. ஸ்கிராப்.’

நான் ரயிலில் பெண்கள் பெட்டியில் சுற்றும்முற்றும் பார்ப்பேன். எங்கள் நாவலைக் கையில் வைத்திருக்கிற யாராவது வேப்பம்பட்டுப் பக்கமிருந்து ஏறியவராக இருப்பாரோ என்று. கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் வேறொன்று செய்தேன், அதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. ஒரு நாள் முதலாளி, வந்திருந்த கையெழுத்துப் பிரதி ஒன்றைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று பேச்சுவாக்கில் கேட்டார். நான் யோசிக்காமல், ‘இதில் பேய் ஆள் மாற்றிப் பிடிக்கிறது சார்’ என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுத்தாளரைக் கூப்பிட்டு முடிவை மாற்றச் சொன்னார். புத்தகம் நன்றாக ஓடியது.

அன்றிலிருந்து வேப்பம்பட்டு எழுதியதையெல்லாம் ஆவடி சொல்ல ஆரம்பித்தது. வருகிற கதைகள் முதலில் என் கைக்கு வர வேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். அதுவரை என் மேசை பைண்டிங் கூடத்தின் ஓரத்தில் இருந்தது. அதை முன்பக்கத்து அறைக்கு மாற்றினார்கள். அங்கே மின்விசிறி உண்டு, கதவும் உண்டு.

பைண்டிங் கூடத்தில் எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் மூத்தவர் தேசம்மா, மண்ணூர்பேட்டைக்காரர். நான் தேசக்கா என்பேன். பாரம் அடுக்குவதில் அவர் கை வேகத்துக்கு எஸ்டேட்டிலேயே ஆள் கிடையாது. பாரம் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒரு பெரிய தாளில் பதினாறு பக்கம் அச்சாகும். அதை மடித்தால் ஒரு பாரம். ஆறு பாரத்தை வரிசையாக அடுக்கித் தைத்தால் ஒரு நாவல். வரிசை தெரிவதற்காக ஒவ்வொரு பாரத்தின் முதல் பக்கத்திலும் அடியில் பொடியாக ஒரு குறி இருக்கும். புத்தகப் பெயரின் முதல் எழுத்து, பக்கத்தில் பாரத்தின் எண். அந்தக் குறியை எழுதிக் கொடுப்பது நான்.

தீபாவளி மாதத்தில் மட்டும் காதலும் பேயும் ஒரே நாளில் கடைக்குப் போகும். அந்த வருஷம் காதல் நாவலுக்கு ‘காயத்ரிக்கு மூன்று முகூர்த்தம்’ என்று பெயர். பேய் நாவலுக்கு ‘காளவாய் மோகினி’. இரண்டுக்கும் கா. குறி எழுதும்போது ஒரு கணம் யோசித்தேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். உள்ளே இருக்கிற கதை வேறு வேறுதானே, தெரியாமலா போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

முதல் ஐந்து பாரமும் வேறு வேறு நாளில் அச்சாகி வந்ததால் தனித்தனிக் குவியலாக இருந்தன. கடைசி ஆறாம் பாரம் மட்டும் இரண்டு நாவலுக்கும் ஒரே மதியத்தில் வந்து இறங்கியது. ஒரே தாள், ஒரே மை, இரண்டிலும் அடியில் ‘கா 6’. தேசக்கா இரண்டு குவியலிலிருந்தும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு முன்பக்கத்து அறைக்கு வந்தார்.

“டீச்சரே, ரெண்டுத்துலயும் கா ஆறுன்னு போட்டுகீது. இது எந்தக் கா?”

நான் அப்போது அடுத்த மாத மாயாஜாலக் கதையை ‘மதிப்பிட்டு’க் கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவில்லை.

“உள்ள ரெண்டு வரி படிச்சுப் பாருங்களேன் தேசக்கா, தெரிஞ்சுடப் போகுது.”

அவர் தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார்.

தேசக்காவுக்கு எழுத்து தெரியும், எண் தெரியும். எழுத்தைச் சேர்த்து வாசிக்கத் தெரியாது. கா என்ற எழுத்தும் ஆறு என்ற எண்ணும் அவருக்குப் போதும், அதை வைத்து இத்தனை வருஷம் ஒரு புத்தகத்தில்கூடத் தவறு விட்டதில்லை. அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியுமா என்று கேட்டால், யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனால் பைண்டிங் கூடத்தின் ஓரத்தில் அவ்வளவு நாள் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்த காகிதம் எதையாவது அவர் மற்றவர்களிடம் நீட்டி, ‘கண்ணாடி கொண்டு வரல, இன்னான்னு பாரேன்’ என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அவரிடம் கண்ணாடியே கிடையாது. இதற்கு மேல் தெரியாது என்று சாதிக்க எனக்கு வாயில்லை.

புத்தகம் கடைக்குப் போய் இரண்டு நாளில் விற்பனையாளர்கள் போன் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். காதல் நாவலின் எண்பதாம் பக்கத்தில் காயத்ரி கல்யாண மண்டபத்து வாசலில் மாலையோடு நிற்கிறாள், கார் வந்து நிற்கிறது, கதவு திறக்கிறது. எண்பத்தோராம் பக்கத்தில், ‘கரி படிந்த அந்தக் கை அவள் கழுத்தைப் பற்றியது’ என்று இருக்கிறது. பேய் நாவலில் செங்கல் சூளைக்குள்ளிருந்து மோகினி எழுந்து இன்ஸ்பெக்டரை நெருங்குகிறாள். பக்கத்தைப் புரட்டினால், ‘இனி இந்தக் கையை விடவே மாட்டேன் என்று சொல்லி அவள் தலையில் மல்லிகையைச் சூட்டினான்.’

இப்போது உங்களுக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. முதலாளி இரண்டு புத்தகத்தையும் கையில் சுருட்டிக்கொண்டு பைண்டிங் கூடத்துக்கு வந்தார், என்னையும் வரச் சொன்னார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார்கள். கடைசிப் பாரத்தை யார் பிரித்துக் கொடுத்தது என்று கேட்டார். நான்தான் என்று தேசக்கா சொன்னார். பிறகு முதலாளி என் பக்கம் திரும்பினார்.

“டீச்சர், குறியெல்லாம் சரியா இருந்துதா?”

“சரியாத்தான் சார் இருந்துது.”

பொய்யில்லை. கா சரியான எழுத்து, ஆறு சரியான எண். தேசக்கா என்னைப் பார்த்தார். நான் உங்களிடம் வந்து கேட்டேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நீங்களே படித்துப் பார்க்க வேண்டியதுதானே என்று முதலாளி கேட்டிருப்பார். அதற்கு மற்ற ஏழு பெண்களின் முன்னால் ஒரு பதில்தான் இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் முதலாளி. தேசக்கா மேசையைத் துடைத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி கதவடைப்பில் இருந்தது. அப்போது அந்த வீட்டிலிருந்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது தேசக்கா ஒருவர்தான். இது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே என் அறைக்குப் போய் விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த வாரம் கடிதங்கள் மூட்டையாக வந்தன. பாதிப் பேர் திட்டியிருந்தார்கள். புதுமையான முடிவு என்று நாலைந்து பேர் பாராட்டியும் இருந்தார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? அடியில் வேப்பம்பட்டு போஸ்ட்கார்டு இருந்தது.

‘இரண்டு புத்தகமும் வாங்கினேன். காயத்ரி கதை பேயில் முடிந்தது ஒன்றும் பொருத்தமில்லாமல் இல்லை, அந்த மாப்பிள்ளைக்கு மோகினியே மேல். அது இருக்கட்டும். எப்படி மாறியது என்று பார்த்தேன். எண்பத்தோராம் பக்கத்து அடியில் கா 6 என்று இருக்கிறது. இன்னொரு புத்தகத்திலும் கா 6. இரண்டு அளவு போல்ட்டுக்கு ஒரே பெட்டி நம்பரைப் போட்டுவிட்டு, அடுக்குகிறவள் மாற்றி அடுக்கிவிட்டாள் என்று எங்கள் இடத்திலும் சொல்வார்கள். உங்கள் இடத்திலும் அடுக்கியவரைத்தான் பிடித்திருப்பீர்கள். நம்பர் போட்டவர் யார் என்று கேட்டீர்களா? ஒரு வாசகி, வேப்பம்பட்டு.’

தீர்ப்புச் சொல் எதையும் அந்தத் தடவை எழுதவில்லை.

போஸ்ட்கார்டுக்கு உறை கிடையாது. தபால்காரரிலிருந்து வாசலில் இருப்பவர்வரை யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். ஆனால் எங்கள் அச்சகத்தில் கடிதம் படிக்கிற ஒரே ஆள் நான். இரண்டாகக் கிழித்தால் விஷயம் தீர்ந்தது. கிழிக்கவும் மனசு வரவில்லை, காட்டவும் துணிவு வரவில்லை. மேசையில் இருந்த அகராதியைத் திறந்து ககரத்தில் செருகி வைத்தேன். அந்தப் பக்கத்திலேயே கா என்ற சொல்லுக்குக் காப்பாற்று என்று பொருள் போட்டிருந்தது. தமிழ் படித்தவளுக்கு இது தெரியாததல்ல, ஆனாலும் அகராதியைப் பட்டென்று மூடினேன்.

மூன்று நாள் அது அங்கேயே இருந்தது. நான்காம் நாள், அடுத்த மாதக் காதல் நாவலின் இரண்டாம் பக்கத்தில் போட வாசகர்களுக்கு ஓர் அறிவிப்பு எழுதித் தரும்படி முதலாளி சொன்னார். எழுதினேன். ‘சென்ற மாத நாவல்கள் இரண்டிலும் கடைசிப் பதினாறு பக்கங்கள் இடம் மாறிவிட்டன. பைண்டிங் பிரிவில் ஏற்பட்ட கவனக்குறைவுக்கு வருந்துகிறோம். பிரதியைத் திருப்பி அனுப்புவோருக்குச் சரியான பிரதி அனுப்பி வைக்கப்படும்.’ நல்ல தமிழ். அதை அச்சுக் கோத்து மெய்ப்பு எடுத்ததும், அது என் மேசைக்கே திரும்பி வந்தது.

நம் வேலையின் கூத்து அங்கேதான் இருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் தாம் எழுதிய பொய்யை ஒரு தடவையோடு விட்டுவிடலாம். நான் அதை நான்கு தடவை, எழுத்தெழுத்தாக, வாய்விட்டுப் படிக்க வேண்டும். முதல் தடவை பிழை ஒன்றும் இல்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை ‘பைண்டிங் பிரிவில்’ என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. பைண்டிங் பிரிவு என்று ஒரு ஆள் கிடையாது. தாளை எடுத்துக்கொண்டு வந்து, எந்தக் கா என்று கேட்டுவிட்டு, பதில் கிடைக்காமல் போன ஒரு பொம்பளைதான் இருந்தார்.

வாசலில் மெஷின்மேன் காதர் பாய் வந்து நின்றார். பூந்தமல்லிக்காரர், கோபமே வராதவர், ஆனால் ஓடுகிற மெஷினை நிறுத்தி வைத்தால் மட்டும் பொறுக்க மாட்டார். நான் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அவர் ஓட்டலாம்.

“இன்னாமா, நாலு வரிக்கு இம்மா நேரமா? மெஷின் நின்னுகினு கீது.”

ஐந்து நிமிஷம் கொடுங்கள் பாய் என்றேன். ஐந்து நிமிஷத்தில் என்ன என்னவோ ஓடியது. முன்பக்கத்து அறை போகும். என் அபிப்பிராயங்கள் இரவல் என்பது தெரிந்துவிடும். வேலையே போனாலும் போகலாம், ஆவடியில் எனக்கு வேறு வேலை காத்துக்கொண்டிருக்கவில்லை. பயமாக இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் கையெழுத்தைப் போட்டுவிட்டால் அதற்குப் பிறகு இந்த அறிவிப்பை ஆயிரக்கணக்கான தாளில் படிப்பார்கள், வேப்பம்பட்டிலும் படிப்பார்கள். அந்த அம்மாள் என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியும். மாமனார் மாடியில் தூங்குகிறார்.

சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு வரியை அடித்தேன். ‘இரு நாவல்களின் பாரங்களுக்கும் ஒரே குறியை இட்ட மெய்ப்புப் பிரிவின் தவற்றுக்கு வருந்துகிறோம்’ என்று ஓரத்தில் எழுதினேன். அகராதியிலிருந்து போஸ்ட்கார்டை உருவிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன்.

அவர் கார்டை இரண்டு தடவை படித்தார். இதை வேறு யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். இல்லை, நான் மட்டும்தான் என்றேன். அப்படியானால் ஏன் கொண்டு வந்தாய் என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். தேசக்கா என்னிடம் வந்து கேட்டதையும், நான் நிமிராமல் பதில் சொன்னதையும் சொன்னேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை, அதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. இவ்வளவு நாள் கதைகளைப் பற்றி நான் சொன்ன அபிப்பிராயம் எல்லாம் இந்தக் கார்டுக்காரருடையது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டேன். பல் பிடுங்கும்போது இரண்டாவதையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவது நல்லது.

அவர் நல்லவர், கெட்டவர் என்றெல்லாம் நான் சொல்ல மாட்டேன். அச்சக முதலாளி, அவ்வளவுதான். ஜன்னல் வழியாக நிற்கிற மெஷினைப் பார்த்தார். இதையே போட்டு ஓட்டச் சொல்லு என்றார். கையெழுத்துப் பிரதியெல்லாம் நாளையிலிருந்து தன் மேசைக்கே வரட்டும் என்றார். நான் வாசல்வரை போன பிறகு கூப்பிட்டு, “தேசம்மாவ வரச் சொல்லு. ஆள் அனுப்பாத, நீயே போய்ச் சொல்லு” என்றார். என் மேசை பழையபடி பைண்டிங் கூடத்து ஓரத்துக்குப் போனது.

அன்று சாயங்காலமே மண்ணூர்பேட்டைக்குப் போனேன். தேசக்கா தெருக்குழாயில் குடத்தை வைத்துவிட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பத்து நாளில் கொஞ்சம் இளைத்திருந்த மாதிரி எனக்குத் தோன்றியது. தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன், நாளைக்கு வேலைக்கு வந்துவிடுங்கள் என்றேன்.

“யார்கிட்ட சொன்ன?”

“முதலாளிகிட்ட, தேசக்கா. அவர் ரூம்ல.”

“அவரு என்னிய எல்லார் எதிர்லயும்தான கேட்டாரு. நீயும் எல்லார் எதிர்லயும்தான சொன்ன.”

குடம் நிரம்பியது, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போனார். வருவாரா, மாட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் எட்டு மணிக்கே வந்திருந்தார். தூக்கை வைத்துவிட்டு, மேசைக்குப் பக்கத்தில் நின்றார், உட்காரவில்லை. எனக்குப் புரிந்தது. பைண்டிங் கூடத்தின் நடுவில் போய், எல்லோரும் கேட்கிற மாதிரி சொன்னேன். குறியைத் தப்பாகப் போட்டது நான். தேசக்கா வந்து கேட்டார், நான் நிமிர்ந்து பார்க்காமலே அனுப்பிவிட்டேன், முதலாளி கேட்டபோது குறி சரி என்று சொன்னேன். தேசக்கா உட்கார்ந்தார். உட்கார்ந்துவிட்டு, இனிமேல் கா, கீ எல்லாம் வேண்டாம், ஒன்றுக்குப் பூ போடு, ஒன்றுக்கு நட்சத்திரம் போடு, இன்னொன்றுக்குக் கை போடு என்றார். அச்செழுத்துப் பெட்டியில் அந்தப் படங்களெல்லாம் இருந்தன. அன்றிலிருந்து காதலுக்குப் பூ, மாயாஜாலத்துக்கு நட்சத்திரம், பேய்க்குக் கை. அச்சகம் இருந்தவரை அந்த வழக்கம் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு பாரம்கூட இடம் மாறவில்லை.

என்னைப் போல ஓர் அறையும் விசிறியும் கிடைக்கிற நாள் உங்களுக்கும் வரும். கதவு வைத்த அறையில் உட்கார்ந்தால் கேள்வி கேட்க வருகிறவர்கள் தொந்தரவு மாதிரிதான் தெரிவார்கள். அவர்கள் கேட்பது அசட்டுக் கேள்வி என்று தோன்றினால், இரண்டு நிமிஷம் பேனாவை மூடி வையுங்கள். பிழை அச்சாவதற்கு முன்னால் வந்து கதவைத் தட்டுவது அபூர்வம். எனக்கு வந்து தட்டியது, நான்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு வெளியான அடுத்த வாரம் வேப்பம்பட்டிலிருந்து கார்டு வந்தது. ‘இந்த மாதக் காதல் கதை ரீவொர்க். இரண்டாம் பக்கத்து அறிவிப்பு பாஸ். இத்தனை நாளில் உங்கள் அச்சகத்துப் பேய் முதல் தடவையாகச் சரியான ஆளைப் பிடித்திருக்கிறது.’ எனக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சையில் தேறின பிள்ளை மாதிரி கார்டைத் தூக்கிக்கொண்டு நேரே தேசக்காவிடம் ஓடினேன். அவரிடம் நீட்டப் போனவள், கையை இழுத்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை நிதானமாகப் படித்துக் காட்டினேன்.

அவர் கை நிற்கவில்லை. பூப் போட்ட பாரத்தை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை.

“நல்லாத்தான் படிச்சிக் காட்ற டீச்சரே. அன்னிக்கி அந்த ரெண்டு தாளயும் இதே மாதிரி படிச்சிக் காட்டி இருக்கலாம் இல்ல?”